பாசிமணி வீட்டுப் பிள்ளைகள்

ஆவடி, பூந்தமல்லி பக்கம் பேருந்து நிலைய ஓரங்களில் தார்ப்பாய் விரித்து மணி கோத்து விற்கிறார்கள் நரிக்குறவர் சமூகத்துப் பெற்றோர். அந்தத் தார்ப்பாயிலேயே வளர்கிறார்கள் பிள்ளைகள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் நிலைத்திருக்க என்ன வேண்டும்?

2022 மார்ச் மாதம் ஆவடி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த பள்ளி மாணவிகள் சிலர் பேசிய காணொலி ஒன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. தங்கள் தெருவில் என்னென்ன வசதி இல்லை, வெளியே போனால் தங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதை அந்தப் பெண்கள் தயங்காமல் சொன்னார்கள். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்களோடு காணொலி அழைப்பில் பேசினார். பிறகு தலைமைச் செயலகத்துக்கு அழைத்துச் சந்தித்தார். ஏப்ரல் 15 அன்று ஆவடிக்கே வந்து, நலத்திட்ட உதவிகள் கொடுத்து, மாணவி ஒருவரின் வீட்டில் உட்கார்ந்து சிற்றுண்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த மாணவிகளின் பேச்சைக் கேட்ட பலரும் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்களே என்று வியந்தார்கள். மணி விற்கும் வீட்டை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. அங்கே வளரும் பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து முன்பின் தெரியாதவர்களோடு பேசப் பழகுகிறது. எதிரே வந்து நிற்பவர் வாங்கப் போகிறாரா, விலை மட்டும் கேட்டுவிட்டு நகரப் போகிறாரா என்று முகம் பார்த்தே சொல்லக் கற்ற பிள்ளைக்கு அமைச்சரிடமும் முதலமைச்சரிடமும் பேசுவது பெரிய காரியமா என்ன?

அந்தப் பேச்சு அவர்களுக்கு எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்று கேட்டால், பாதி பதில் அரசுப் பள்ளி. மீதி பதில் தாயின் தார்ப்பாய்.

தார்ப்பாயில் ஒரு பள்ளி

ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், சௌகார்பேட்டையும் பாரிமுனைச் சந்துகளும் நடக்கிற தூரம்தான். மொத்த வியாபாரக் கடைகளில் சரம் சரமாகவும் எடை போட்டும் மணி கிடைக்கும். கண்ணாடிப் பாசி, கருகமணி, பவழ நிறத்தில் பிளாஸ்டிக் பாசி, துளசிமணி, ஸ்படிகம், ருத்ராட்சம். கூடவே வெள்ளி நிறத்திலும் பித்தளை நிறத்திலும் மெல்லிய கம்பிச் சுருள். உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத், ஹாத்ரஸ் பக்கத்துப் புர்தில்நகர் போன்ற ஊர்களில் சூளையில் உருகிய கண்ணாடி, இந்தச் சந்துகள் வழியாக ஆவடிப் பெண்களின் மடிக்கு வந்து சேர்கிறது.

அதன் பிறகு நடப்பதுதான் கைவேலை. நூலில் கோப்பது எளிய பாதி. ருத்ராட்ச மாலையையும் ஸ்படிக மாலையையும் பாருங்கள். பெரும்பாலும் அவை நூலில் இருக்காது. ஒவ்வொரு மணியின் துளைக்குள்ளும் ஒரு கம்பித் துண்டு நுழைந்து, இரண்டு முனையும் சின்ன வளையமாகச் சுருண்டிருக்கும். ஒரு மணியின் வளையம் அடுத்த மணியின் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பியைச் சரியான நீளத்துக்கு வெட்டவேண்டும். குறட்டின் நுனியில் பிடித்து ஒரே திருப்பில் சுருட்டவேண்டும். வளையம் பெரிதானால் மாலை தொளதொளவென்று ஆகிவிடும். இறுக்கினால் கம்பி முறியும். முனை உள்ளே மடங்காவிட்டால் போட்டுக்கொள்பவரின் கழுத்தைக் கீறும். பேருந்துச் சத்தத்துக்கு நடுவே, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, கையைப் பார்க்காமலே இந்த வேலையைச் செய்கிற பெண்களை ஆவடியில் யாரும் பார்க்கலாம். நாம் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இவை எல்லாவற்றையும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தே கற்கிறது. முதலில் கைக்கு வருவது பொறுக்கும் வேலை. கலந்து கிடக்கும் மணிகளில் நிறம் பிரிக்கவேண்டும், துளை அடைத்த மணியை ஒதுக்கவேண்டும். பிறகு நூல், கடைசியில்தான் குறடு. ஜபமாலை என்றால் 108 மணி, அதன்மேல் மேரு என்று ஒரு மணி. பாதி மாலைக்கு 54, கால் மாலைக்கு 27. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் முன்பே 108-ஐப் பாதியாக்கவும் காலாக்கவும் இந்தப் பிள்ளைகளின் விரல்களுக்குத் தெரியும். ருத்ராட்சத்தைத் திருப்பி முகம் எண்ணத் தெரியும். கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் தொட்ட மாத்திரத்தில் பிரித்துச் சொல்லத் தெரியும், கண்ணாடி குளிர்ந்திருக்கும்.

மொழியும் அப்படியே. வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தி போன்ற மொழிகளோடு உறவுள்ள, எழுத்து வடிவம் இல்லாத மொழி அது. 1970-இல் ஜி.சீனிவாச வர்மா அதைப் பற்றி எழுதிய ஆய்வு நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தெருவில் தமிழ், ஐயப்ப சீசனில் தெலுங்கும் மலையாளமும், சுற்றுலா இடங்களில் கொஞ்சம் இந்தியும் ஆங்கிலமும். நம் வகுப்பறைகளில் இவ்வளவு மொழிகளைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தப் பிள்ளையைப் பின்தங்கிய மாணவர் என்று வரிசையின் கடைசியில் உட்காரவைப்பது பெரிய அறியாமை.

வேட்டை நின்றபோது

மணி விற்பது இவர்களுக்கு முன்பு முழு நேரத் தொழிலாக இருக்கவில்லை. ஆண்கள் நரி, முயல், காடை, கௌதாரி வேட்டையாடினார்கள். பெண்கள் மணியும் ஊசியும் விற்றார்கள். ஊருக்குள் பயிரைக் காக்க இவர்களைக் கூப்பிட்டு வேட்டையாடச் சொன்ன காலமும் உண்டு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு உயிர்களைக் காக்க அந்தச் சட்டம் தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் தொழிலில் ஒரு பாதியைச் சட்டம் எடுத்துக்கொண்டபோது, அந்த இடத்தில் என்ன வைப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. வீட்டின் முழுப் பாரமும் பெண்ணின் மணிப்பெட்டிமேல் ஏறியது. அம்மாவின் தொழில் குடும்பத் தொழிலாயிற்று. அப்பாவும் குறடு பிடித்தார். பிள்ளைகளும் கூட நின்றார்கள்.

அதே 1972-இல்தான் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'குறத்தி மகன்' வந்தது. நரிக்குறவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பைக் கதையாக எடுத்துக்கொண்ட படம். அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். மணிக்காரர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்னும் பத்தாம் வகுப்பைத் தாண்டப் போராடுகிறார்கள். தமிழ் சினிமா இவர்களுக்கு வேறொன்றையும் செய்தது. குருவி கொண்டை, பாசிமாலை, 'சாமியோவ்' என்ற இழுப்பு ஆகியவற்றை நகைச்சுவைக் காட்சிகளுக்கு எடுத்துக்கொண்டது. திரையில் சிரித்த பழக்கம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்தது. ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அவள் அம்மா விற்கும் பொருளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வகுப்பறையில், அந்தப் பிள்ளை எத்தனை நாள் உட்காரும்?

இந்தத் தொழிலில் ஒரு பிள்ளை தாங்கவேண்டிய கனமான பாடம் இதுதான். அம்மா கட்டிய மாலையை ஊரே கழுத்தில் போட்டுக்கொள்கிறது. கார்த்திகை முதல் தேதி ஐயப்ப பக்தர்களின் கழுத்தில் ஏறும் துளசிமணியும் ருத்ராட்சமும் அவள் கையால் வந்தவை. பிறந்த குழந்தைக்குக் கண் படாமல் இருக்கக் கட்டும் கருமணிக் கயிறும் அவளிடம் வாங்கியதுதான். ஆனால் அவள் பந்தியில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்கிறார்கள். 2021-இல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானத்தில் அப்படி ஒதுக்கப்பட்டதைப் பூஞ்சேரியைச் சேர்ந்த பெண்ணொருவர் வாய்விட்டுச் சொன்னபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டு தீபாவளி நாளில், நவம்பர் 4 அன்று, முதலமைச்சர் பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். 2023 மார்ச் 30 அன்று கோயம்பேட்டில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் குடும்பம் ஒன்று வாசலில் நிறுத்தப்பட்டது. கூட இருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காணொலி பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காணொலி தேவைப்படுகிறது.

டாங்கி செய்யும் ஊர்

ஆவடியைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியபோதுதான் சோஷலிச பாணியிலான சமுதாயமே இலக்கு என்ற தீர்மானம் நிறைவேறியது. இந்திய அரசியல் வரலாற்று நூல்களில் ஆவடி என்ற பெயர் நிற்பது அதனால்தான். பிறகு 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அந்தப் பக்கம் அம்பத்தூரில் 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-களில் தொழிற்பேட்டை. சென்னையின் மேற்குப் புறநகர் முழுக்கக் கையால் வேலை செய்கிறவர்களின் ஊர்.

டாங்கித் தொழிற்சாலை வந்தபோது அது தனியாக வரவில்லை. தொழிலாளிக்குக் குடியிருப்பு கட்டினார்கள், மருத்துவமனை கட்டினார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அப்பா காலையில் சைக்கிளில் ஆலைக்குப் போனார். பிள்ளை நடந்து பள்ளிக்குப் போனது. மாலையில் இரண்டு பேரும் ஒரே முகவரிக்குத் திரும்பினார்கள். ஆவடியிலிருந்து பொறியாளர்களும் ஆசிரியர்களும் அதிகாரிகளும் உருவானதற்கு அந்தப் பிள்ளைகளின் உழைப்பு ஒரு காரணம். அப்பாவின் வேலைக்கு ஓர் இடம் இருந்தது இன்னொரு காரணம். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். தகப்பனின் வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளையின் படிப்பும் இருக்கும்.

மணி கோக்கும் தாய்க்கு வேலை எங்கே இருக்கிறது? கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே. கூட்டம் எங்கே? திருவிழா எங்கே நடக்கிறதோ அங்கே.

ஆண்டைப் பார்ப்போம். ஜூனில் பள்ளி திறக்கிறது. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் ஆடி ஞாயிறுகளில் வண்டி வண்டியாகச் சனம் இறங்கும். திருவேற்காட்டுக் கருமாரியம்மன், மாங்காட்டுக் காமாட்சி என்று பக்கத்து ஊர்க் கோயில்களிலும் அதே கூட்டம். இவை பரவாயில்லை, மாலையில் வீடு திரும்பிவிடலாம். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8 வரை அங்கேயே தங்கினால்தான் வியாபாரம். அப்போது பள்ளியில் காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கும். நவம்பர் நடுவில் கார்த்திகை; மணிக்காரர்களுக்கு ஆண்டின் பெரிய அறுவடை. சபரிமலைப் பாதை முழுக்க மாலை விற்கும், திருவண்ணாமலை தீபமும் அதே மாதம். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். தை மாதம் பூசம், பழனி, வடலூர். மாசியில் சிவராத்திரி. பங்குனி உத்திரம் வரும்போது ஆண்டுத் தேர்வு. எந்தத் தேர்வு வந்தாலும் அதன்மேல் ஒரு திருவிழா ஏறி நிற்கிறது. பள்ளி மூடிக் கிடக்கும் மே மாதத்தில் வெயிலும் சேர்ந்து வியாபாரம் மந்தம்.

அம்மா திருவிழாவுக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள்? பாட்டி இருந்தால் பாட்டியிடம். பாட்டியும் மணி விற்கிறவள்தானே! ஆகவே பிள்ளையும் மூட்டையோடு பஸ் ஏறும். பத்து நாள் கழித்துத் திரும்பி வகுப்புக்குப் போனால் பாடம் எங்கோ போயிருக்கும். இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு பிள்ளைக்கே பள்ளிமேல் கூச்சம் வந்துவிடுகிறது. அதன் பிறகு யாரும் அதை நிறுத்தவேண்டியதில்லை, தானாகவே நின்றுகொள்கிறது. இந்தப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று சொல்கிறவர்களை நான் மறுக்கிறேன். பிள்ளையைத் தனியே விட்டுப் போக மனமில்லாத தாயை, படிப்பில் அக்கறை இல்லாதவள் என்று நாம் பதிவு செய்துவைத்திருக்கிறோம்.

சான்றிதழ் வந்தாயிற்று

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். 2008-இல் தமிழ்நாட்டில் நரிக்குறவர் நல வாரியம் அமைந்தது. 1965-லேயே மத்திய அரசின் லோகூர் குழு பரிந்துரைத்த பழங்குடித் தகுதி, 57 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு கைக்கு வந்தது. 2022 டிசம்பர் 15 அன்று மக்களவையும் 22 அன்று மாநிலங்களவையும், நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றின. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. விடியற்காலையில் சரக்கோடு கிளம்புகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அவளிடம் கேட்டால்தான் தெரியும்.

பழங்குடித் தகுதி பற்றிப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதுவரை இவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அந்தப் பட்டியலுக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து மாநிலத்தில் 20 சதவீத இட ஒதுக்கீடு. அதில் முன்னேறிய பெரிய சமூகங்களோடு போட்டி போட இவர்களால் முடியவில்லை. பழங்குடியினருக்கு மாநிலத்தில் 1 சதவீதம், மத்திய அரசில் 7.5 சதவீதம். இவை பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த பிறகு திறக்கிற கதவுகள். எட்டாம் வகுப்பில் வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிய பிள்ளைக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பவர் கோட்டாட்சியர். அந்தச் சான்றிதழை வாங்க அலையும் நாட்களும் வியாபாரம் இல்லாத நாட்களே.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிள்ளை ஊர் மாறினால் பள்ளி மாறும் உரிமையைக் கொடுக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. செங்கல் சூளைக்கு ஆறு மாதம் போகும் குடும்பத்துக்கு அது உதவும். வேளாங்கண்ணியில் பத்து நாள், திருவண்ணாமலையில் ஒரு வாரம் என்று போகிறவர்களுக்கு உதவாது. இவர்களுக்கு வேண்டியது, அம்மா திருவிழாவுக்குப் போகும் வாரங்களில் பிள்ளை தன் ஊரிலேயே, தன் பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்க ஓர் இடம். திருச்சியை அடுத்த தேவராயநேரியில் இந்தச் சமூகப் பிள்ளைகளுக்கென்று உறைவிடப் பள்ளி நடத்தியவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். ஆவடியைப் போன்ற மாநகராட்சியில் பருவகால விடுதி ஒன்றை நடத்துவது முடியாத காரியமல்ல. சமூகத்தின் படித்த பெண்களையே அங்கே பொறுப்பாளர்களாக வைத்தால், தாய்மாரும் நம்பி விட்டுப் போவார்கள்.

உட்கார ஓர் இடம்

விடுதி பாதித் தீர்வுதான். தாய் ஊரைவிட்டுப் போகவேண்டிய நாட்களைக் குறைப்பது மற்றப் பாதி. அதற்கு அவளுக்கு ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் நிலையாக உட்கார்ந்து விற்க இடம் வேண்டும்.

இப்போது என்ன நிலைமை? நாள் முழுக்கப் பல்லாயிரம் பேர் ஏறி இறங்கும் ரயில் நிலையம் அவளுக்கு மூடிய இடம். உரிமம் இல்லாமல் ரயிலிலோ நிலையத்திலோ பொருள் விற்றால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144-ஆவது பிரிவின் கீழ் குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே பிரிவுதான் பிச்சை எடுப்பதையும் தடுக்கிறது. கைவேலை செய்து விற்கிறவளையும் கையேந்துகிறவரையும் அந்தச் சட்டம் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. பிள்ளையின் எதிரே அம்மாவின் மூட்டையைத் தூக்கி வெளியே போடும்போது, அந்தப் பிள்ளை தன் வீட்டுத் தொழிலைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்?

நிலையத்துக்கு வெளியே வேறு சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்கவேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் கட்டாயம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் எழுப்பக் கூடாது. நரிக்குறவர் இப்போது பழங்குடியினர். ஆகவே ஆவடி மாநகராட்சியின் விற்பனைக் குழுவில் மணி விற்கும் ஒரு பெண்ணை உட்காரவைக்கப் புதிதாக எந்தச் சட்டமும் போடவேண்டியதில்லை. அந்த நாற்காலி கிடைத்தால், ஆணையரோடு பேச ஆவடிப் பெண்களுக்கு வார்த்தைக்குப் பஞ்சமிருக்காது. 2020-இல் 10,000 ரூபாய்க் கடனோடு தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்துக்கும் வியாபாரி என்ற அடையாளம்தான் வாசல்.

ரயில்வேயும் மனம் வைத்தால் முடியும். 2022 மார்ச்சில் 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்ற திட்டத்தை அதுவே தொடங்கியது. அந்தந்த ஊரின் கைவினைப் பொருளை நிலையத்துக்குள் விற்க இடம் தரும் திட்டம். ஆவடி நிலையத்துக்கு ஒரு பொருள் என்றால் அது பாசிமணியாக ஏன் இருக்கக்கூடாது? பூந்தமல்லிக்கு மெட்ரோ வருகிறது. நிலையங்களில் காப்பிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் அளந்து விடுகிற இடத்தில், மணி கோக்கும் பெண்கள் உட்கார நான்கு அடி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? 1973-இலிருந்து இயங்கும் பூம்புகார் நிறுவனம் தஞ்சாவூர்த் தட்டையும் சுவாமிமலைச் சிலையையும் விற்று அந்தக் கலைஞர்களுக்கு மரியாதை தேடிக்கொடுத்திருக்கிறது. கம்பி சுற்றிய ருத்ராட்ச மாலையும் கைவினைதான். அரிக்கமேட்டிலும் கொடுமணலிலும் 2,000 ஆண்டுக்கு முந்தைய மணிகள் மண்ணிலிருந்து கிடைத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டுக் காட்டுகிறோம். இன்று மணி கோக்கிறவளுக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு விளக்கு இல்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகர் சான்டா ஃபே. அங்கே பழைய ஆளுநர் மாளிகை இன்று அரசு அருங்காட்சியகம். அதன் நீண்ட தாழ்வாரத்தில் அந்த மண்ணின் பழங்குடியினர் துணி விரித்து உட்கார்ந்து, தாங்கள் செய்த மணி, வெள்ளி, பச்சைநீலக்கல் நகைகளை விற்கிறார்கள். இடத்தைவிட ஆட்கள் அதிகம் என்பதால் தினமும் காலையில் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொள்கிறார்கள். விற்பவரோ அவர் வீட்டாரோ கையால் செய்த பொருளாக இருக்கவேண்டும், செய்தவரின் முத்திரை பதிந்திருக்கவேண்டும் என்பது விதி. அந்தத் தாழ்வாரத்தில் மற்றவர்களுக்கும் இடம் வேண்டும் என்று தொடுத்த வழக்கில், 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடியினர் பக்கமே நின்றது. இன்று அந்த ஊருக்குப் போகிற சுற்றுலாப் பயணிகள் தவறாமல் பார்க்கும் இடங்களில் அந்தத் தாழ்வாரமும் ஒன்று. எழுப்பி விரட்டவேண்டியவர்கள் என்று நாம் நினைக்கிற அதே மாதிரி வியாபாரத்தை, தன் பெருமை என்று ஓர் அரசு நிறுவனம் வாசலில் வைத்திருக்கிறது.

பிள்ளை வேலை செய்யலாமா?

கடைசியாக ஒரு சிக்கலான கேள்வி. பிள்ளைகள் மணி கோப்பது குழந்தைத் தொழிலாளர் முறை ஆகாதா? 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. அந்தத் திருத்தத்தைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. அவர்கள் அஞ்சியதில் நியாயமும் உண்டு. குடும்பத் தொழில் என்ற பெயரில் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் பிள்ளைகள் இழுக்கப்பட்ட வரலாறு நம் மாநிலத்துக்குத் தெரியாததல்ல.

என் கருத்து இது. மாலையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மணி பிரித்துக்கொண்டு, அவள் சொல்லும் கதையைக் கேட்டு வளர்வது ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் செல்வம். அந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. பகலில் வகுப்பு நேரத்தில் அதே பிள்ளை போக்குவரத்து சிக்னலில் ஊக்கும் மணியும் நீட்டிக்கொண்டு நின்றால் அது கொடுமை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது அம்மாவின் வருமானம். அன்றைய சரக்கு அன்றைக்கே விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் பிள்ளையின் கையும் தேவைப்படுகிறது. நிலையான இடமும் நிலையான வருமானமும் இருந்தால் எந்தத் தாயும் பிள்ளையைச் சிக்னலுக்கு அனுப்பமாட்டாள். படித்து முடித்த பிறகு அந்தப் பிள்ளை குறட்டைக் கையில் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். அது அதன் விருப்பமாக இருக்கவேண்டும்.

ஆவடி மாநகராட்சிக்கும் பூந்தமல்லி நகராட்சிக்கும் அம்பத்தூர் மண்டல அலுவலகத்துக்கும் வைக்கவேண்டிய கோரிக்கை பெரியதல்ல. பேருந்து நிலையத்தை ஒட்டிக் கூரை, விளக்கு, கழிப்பறையோடு மணி விற்பவர்களுக்கு ஓர் இடம். விற்பனைக் குழுவில் அவர்களில் ஒருவருக்கு நாற்காலி. திருவிழா மாதங்களில் பிள்ளைகள் தங்க ஒரு விடுதி. வாசகர்களுக்கும் ஒன்று. கார்த்திகைக்கு மாலை வாங்கும்போது சொன்ன விலையைக் கொடுங்கள். பாசிமணி வீட்டுப் பிள்ளை ஒன்று உங்கள் பிள்ளையின் வகுப்பில் படிக்கிறது என்றால், அதன் பெயர் என்ன என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.